பீட்டா சென்னை: மார்க் போட்டது யார்?

கேள்வி: உலக நகரங்கள் பட்டியலில் மும்பை ‘ஆல்ஃபா’, சென்னை ‘பீட்டா’வாம். நம் ஊர் அவ்வளவு மட்டமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: கோபப்படாதீர்கள். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுக் குழு போடும் பட்டியல் அது. கணக்குத் தணிக்கை, விளம்பரம், வங்கி, சட்டம் என்று தொழில் நடத்தும் பன்னாட்டு நிறுவனங்களுக்கு எந்த ஊரில் எவ்வளவு பெரிய ஆபீஸ் என்று பார்ப்பார்கள். கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவருக்கும் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவருக்கும் அதில் இடமே கிடையாது.

2002இல் நகரங்களை ஆராயும் புவியியலாளர் ஜெனிஃபர் ராபின்சன் தூக்கிய சண்டையும் இதுதான். நாலைந்து பணக்கார ஊர்களை அளவுகோலாக்கினால் மற்ற ஊரெல்லாம் வரைபடத்தை விட்டே விழுந்துவிடும் என்றார். பழைய பாடங்களிலும் இதே கோளாறு உண்டு. சிகாகோவைப் பார்த்துச் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜஸ் 1925இல் நகரத்தை வளையம் வளையமாக வரைந்தார்: நடுவில் வியாபாரம், அதை ஒட்டி ஏழைகள், வசதி கூடக்கூட வெளியே. அதைச் சென்னை மேல் வைத்துப் பாருங்கள். போயஸ் தோட்டமும் போட் கிளப்பும் நடு ஊரில் ஜம்மென்று இருக்கின்றன. கூவம் கரையில் இருந்தவர்களைத்தான் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலைக்கு மறுபடி ஊருக்குள் வரப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

சரி, எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. ஒவ்வொரு ஊரும் தனி ரகம் என்று சொல்லிக்கொண்டே போனால் பொதுவாக எதைத்தான் சொல்வது என்று புவியியலாளர்கள் ஆலன் ஸ்காட், மைக்கேல் ஸ்டார்ப்பர் இருவரும் 2015இல் கேட்டார்கள். ஆட்களும் தொழில்களும் ஓரிடத்தில் குவிவது, நிலத்துக்கு அடித்துக்கொள்வது, இரண்டும் எல்லா ஊருக்கும் பொது என்பது அவர்கள் வாதம். தி.நகரில் கிரவுண்டு விலை விசாரித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் என் ஓட்டு ராபின்சனுக்கே.

கேள்வி: அப்படியானால் சென்னையை எதோடு ஒப்பிடலாம், சிங்கப்பூரோடா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: அதை மேடைப் பேச்சுக்கு விட்டுவிடுவோம். நான் ரங்கூனைச் சொல்வேன். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தில் வளர்ந்த துறைமுகங்கள். செட்டியார்களின் பணம் அங்கே போனது. 1960களில் அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்தார்கள், அவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் வந்தது. இப்படி ஆளும் பணமும் போய்வந்த தடத்தைப் பிடித்து இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைப்பதும் முறையான ஆய்வுதான். அப்புறம், கள ஆய்வுக்குக் கிளம்பினால் சாயங்காலமாகப் போங்கள். பஜார் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் அப்போதுதான் சூடாகக் கிடைக்கும்.