முகத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அவென்யூ ரோடு, சிக்கபேட்டை, பளேபேட்டை பக்கம் வயதான கடைக்காரர்களைப் படமெடுத்துத் தொகுப்பாக்க ஆசை. கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று எதிர்ச்சாரியில் நின்று ஜூம் லென்ஸில் எடுக்கிறேன். எல்லாம் தட்டையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஜூமைக் கழற்றிப் பையில் வையுங்கள். 50 எம்.எம். லென்ஸ் போதும். தெருவைக் கடந்து அவர் எதிரில் போய் நில்லுங்கள். படம் தட்டையாக இருப்பதற்கு லென்ஸ் பாதிக் காரணம்தான். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை என்பது மீதிப் பாதி. கல்லாவில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற முகம் வேறு, "யாரும்மா நீ, எந்த ஏரியா?" என்று விசாரிக்கும்போது வருகிற முகம் வேறு. அந்த இரண்டாவது முகத்தை ஒளிந்து நின்று எடுக்க முடியாது.

"ஒந்து ஃபோட்டோ தெகீபஹுதா?" என்று கன்னடத்தில் கேளுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பதில் சொல்கிறவர்களும் அங்கே உண்டு. ஆனால் போணி ஆவதற்கு முன்னால் கேட்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது. வேண்டாம் என்று தலையசைத்தால், சரிங்க ஐயா என்று கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

சம்மதித்தவரிடம் கேமராவை உடனே தூக்காமல் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். பளேபேட்டையில் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவரானால் கை ஓடட்டும். வாரை இழுத்துத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார் பாருங்கள், அந்த நொடியில் முகத்தில் அவருடைய முழுத் தொழிலும் இருக்கும். "சிரிங்க" என்று சொல்லி அதைக் கலைத்துவிடாதீர்கள்.

அப்புறம் வெளிச்சம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் 1537-ல் அமைத்த பேட்டையில் தொட்டபேட்டை, அதாவது இன்றைய அவென்யூ ரோடு, தெற்கு வடக்காக ஓடுகிறது. சிக்கபேட்டை கிழக்கு மேற்கு. அவென்யூ ரோட்டில் காலையில் மேற்குச்சாரிக் கடைகளில் வெயில் நேராக அடிக்கும், கண்ணைச் சுருக்குவார்கள். அப்போது கிழக்குச்சாரிக்குப் போங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். மாலையில் சாரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

சிக்கபேட்டையின் தெற்குச்சாரிக் கடைகள் வடக்கு பார்த்தவை. ஆண்டின் பெரும்பகுதியில் நடுப்பகலிலும் அங்கே நேர்வெயில் எட்டாது. பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை மட்டும் உச்சிச் சூரியன் வடக்கே சாயும். கடைக்காரர் வாசலுக்கு ஓரடி உள்ளே உட்கார்ந்தால் பின்னால் இருட்டு, முகத்தில் ஒளி. வேறு எதுவும் வேண்டாம். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் எடுக்காதீர்கள், தோலே நீலமாகிவிடும். எல்.இ.டி. விளக்கில் படம் பட்டை பட்டையாக விழுந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும்.

கேள்வி: சுருக்கங்கள் அழுத்தமாகத் தெரியும்படி கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டைக் கூட்டுகிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: எனக்குச் சம்மதமில்லை. அப்படி ஏற்ற ஏற்ற முகம் காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. தெரு பழசு, கட்டடம் பழசு. அவரோ இன்றைக்கும் காலையில் ஷட்டர் தூக்கிக் கடை திறக்கிறவர். படத்தைப் பார்க்கும் அவருடைய பேத்திக்குத் தாத்தா தெரிய வேண்டும், தோல் அல்ல. பட்டுக் கடையிலும் பூக்கடையிலும் நிறத்தை எடுத்துவிட்டால் அவர் செய்கிற வியாபாரமே காணாமல் போகும். கலரிலேயே விடுங்கள்.

கேள்வி: படம் எடுத்த பிறகு ஒரு பூக்கார அம்மா காசு கேட்டார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: கொடுங்கள், அல்லது இரண்டு முழம் பூ வாங்குங்கள். அவருடைய வியாபார நேரத்தில் கொஞ்சத்தை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ படத்தைத் தருவதாக இருந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எப்படியானாலும் 4-க்கு 6 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் அவர் கைக்குப் போக வேண்டும். போனில் அனுப்பினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பலருடைய போனில் அது இரண்டே நாளில் கீழே போய்விடும். பின்பக்கம் தேதியும், உட்கார்ந்திருந்த இடமும் எழுதிக் கொடுங்கள்.