போதைக் காளான் தரும் தெளிவை நம்பலாமா?

கேள்வி: நான் 26 வயது மென்பொருள் பணியாளன். ஓராண்டாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறேன். கொடைக்கானலுக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள், அங்கே போதைக் காளானை ஒருமுறை சாப்பிட்டால் வாழ்க்கையைப் பற்றிய பார்வையே மாறிவிடும் என்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளும் அவ்வாறே கூறுவதாகப் படித்தேன். என் தாய்மாமா மனச்சிதைவு நோய்க்கு நீண்டகாலமாக மருந்து எடுத்துவருகிறார். நான் முயன்று பார்க்கலாமா?

மனநல மருத்துவரின் பதில்: கூடாது. கடைசியாக, போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தாய்மாமாவின் நோயே அதற்கு முதல் காரணம். ஆயினும் இத்தகைய பொருள்கள் புதிய பார்வையைத் தருமா என்ற உங்கள் கேள்வி நேர்மையானது. அதை வெறும் எச்சரிக்கையால் மூடிவிட எனக்கு விருப்பமில்லை.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. காளானில் உள்ள சைலோசைபின் என்னும் வேதிப்பொருளைத் தூய நிலையில், எடைக்கேற்ப அளந்து 36 பேருக்குக் கொடுத்தார்கள். 14 மாதங்கள் கழித்துக் கேட்டபோதும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைத் தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகக் கருதினார்கள். இது உண்மை. அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடும் அச்சத்துக்கு ஆளானார் என்பதும், பங்கேற்றவர்கள் வழிபாடு, தியானம் போன்ற ஆன்மிக ஈடுபாடு ஏற்கெனவே உள்ளவர்கள் என்பதும், மருந்து கொடுப்பதற்கு முன்பே, அப்போது உடனிருந்து கவனிக்கும் ஆய்வாளர்கள் அவர்களோடு பல மணி நேரம் பேசிப் பழகியிருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நீங்கள் நண்பர்களோடு தங்கும் கொடைக்கானல் விடுதி அறையில் இவற்றில் எதுவும் இருக்காது.

சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளை செல்களில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செய்தியை ஏற்கும் ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டுகிறது. நாம் நம்மைப் பற்றியே எண்ணிச் சுழலும்போது ஒருங்கிணைந்து இயங்கும் மூளைப் பகுதிகளின் பிணைப்பு அப்போது தளர்வதை மூளை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. பழகிய தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த எண்ணம் சில மணி நேரம் தடம் விலகுவதால், வேறு கோணம் தென்படுவது வியப்பில்லை.

ஆனால் இப்பொருள்கள் புதிய எண்ணத்தை மட்டும் தருவதில்லை. 'இதுவே உண்மை' என்ற உறுதியையும் சேர்த்தே தருகின்றன. அந்த உறுதி, எண்ணம் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் ஒரே வலிமையோடுதான் வரும். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, அந்த மயக்கத்தில் பேருண்மைகளாகத் தோன்றியவற்றைத் தாள் தாளாக எழுதிவைத்தார். தெளிந்தபின் படித்தால் அவை பொருளற்ற பிதற்றலாகத் தெரிகின்றன என்பதை 1882-இல் அவரே பதிவு செய்தார். அதே மனிதர், அந்த அனுபவங்களை ஆராயத் தகாதவை என்று தள்ளிவிடவும் இல்லை. அவருடைய இந்த நிதானத்தையே நான் ஏற்கிறேன். போதையில் தோன்றியது மெய்யா என்பதைத் தெளிந்த மனத்தோடு மாதக்கணக்கில் வாழ்ந்துதான் சோதிக்க முடியும். அந்தச் சோதனையைக் காளான் நமக்காகச் செய்துதராது.

இனி உங்கள் தாய்மாமாவைப் பற்றி. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறைகள், ஒருவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமின்றி மாமா, சித்தப்பா, தாத்தா, பாட்டி போன்ற உறவினருக்கு மனச்சிதைவு இருந்தாலும் அவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்கின்றன. அத்தகைய பரம்பரைச் சாய்வு உள்ளவருக்கு இப்பொருள் நோயைத் தூண்டிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே உங்களுக்குக் கொடுக்கத் தயங்கும் ஒன்றை, மலையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கிச் சாப்பிட நான் எப்படிச் சம்மதிப்பேன்? மேலும், சைலோசைபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது.

எனக்கு உண்மையில் கவலை தருவது, ஓராண்டாக எதிலும் பிடிப்பில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். அது வாழ்க்கைப் பார்வையின் குறையாக இல்லாமல், சிகிச்சையால் குணமாகும் மனச்சோர்வாக இருக்கலாம். தூக்கம், பசி, வேலையில் கவனம் ஆகியவை குறைந்திருந்தால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் எப்போதாவது எழுந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

நண்பர்கள் எப்படியும் போவார்களானால் ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். காட்டுக் காளான்களில் கல்லீரலை அழிக்கும் நச்சு வகைகளும் உண்டு. அவற்றைச் சாப்பிட்டவருக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் மேலோ கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், இடையில் நலமானதுபோலவும் தோன்றும். அப்படி நேர்ந்தால் விடியட்டும் என்று காத்திராமல், மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்று, என்ன சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.