கேளுங்கள், சொல்கிறேன்: வரியைக் குறைத்தால் விலை குறையுமா?

கேள்வி: ஐயா, சாவகச்சேரியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்பதால் சாமான் வாங்க வரும் சனம் என்னைத்தான் ஏசுகிறது. 2019இல் செய்ததுபோல மறுபடி 8 வீதத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளிக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் ஒரே 18 வீதம்தான். ஆனால் 2019இன் வழியை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள்.

அந்த டிசம்பரில் வற் 15இலிருந்து 8 ஆனது. அதோடு நின்றார்களா? மாதம் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்றால் வற் என்று இருந்த எல்லையை 2 கோடி 50 இலட்சமாக உயர்த்தினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியும் போயிற்று. 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 வீதத்தைக்கூடத் தொடவில்லை. கொரோனா உல்லாசப் பயணிகளை நிறுத்தியது உண்மைதான். ஆனால் மழைக்கு முன்பே கூரையைப் பிரித்து வைத்திருந்தோமே!

வெளிநாட்டுச் சந்தையில் கடன் கிடைக்கவில்லை. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை, அதாவது அரசு குறுகிய காலக் கடனுக்கு எழுதித் தரும் பத்திரங்களை, வாங்கிப் பணம் அச்சடித்தது. டொலரை அப்படி அச்சடிக்க முடியாது. ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருந்த ரூபாயின் பெறுமதியை 2022 மார்ச்சில் கைவிட்டார்கள். 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவிப்பு.

அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. மானியத்தைத் தாங்க அரசிடம் காசில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகுக்கு ஒருநாள் தொழிலுக்கு 20 லீற்றர் என்று வையுங்கள்: 1,740 ரூபாயில் முடிந்தது 6,800 ஆயிற்று. பருத்தித்துறைக் கரையில் படகை இழுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் சம்பள வரியும் கட்டியதில்லை, வற் பதிவும் எடுத்ததில்லை. சலுகை யாருக்கோ போனது, செலவு இவர்கள் தலையில் விழுந்தது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, என்ன கேட்கலாம்? ஏழை வாங்கும் பொருள்களுக்கு வற் விலக்குக் கேளுங்கள். அந்த இழப்பை வருமான வரி ஏய்ப்பவர்களிடம் வசூலிக்கச் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு, அரசின் உண்டியல்களை நேரே வாங்கிப் பணம் கொடுக்கும் வழி அடைபட்டுவிட்டது. விட்ட வரியை வேறெங்கிருந்தாவது எடுத்தே ஆகவேண்டும்.

கேள்வி: பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள். வவுனியாவில் ஒரு சாமானும் விலை இறங்கவில்லையே, ஐயா?

பதில்: இறங்காது, தங்கச்சி. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குக் கிட்டத்தட்ட 170. 2023 ஜூலையில் 6.3க்கு வந்தபோது ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறியது ஏறியபடியே நின்றது. ஆகவே வீட்டு வருமானம் 2021க்குப் பிறகு எவ்வளவு கூடியது என்று எழுதிப் பாருங்கள். 70 வீதமாவது கூடவில்லையென்றால், சம்பள உயர்வு கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.