ஆறு எழுத்தும் 33 பைட்டும்

மதிப்புக்குரிய ஐயா,

யூடியூப் காணொளிகளைப் பார்த்து, இணையத்தளம் செய்ய உதவும் பிஎச்பி நிரல்மொழியின் அடிப்படைகளைப் படித்து முடித்துவிட்டேன். மாறி, லூப், ஃபங்ஷன், படிவம் எல்லாம் தெரியும். அடுத்து பிஎச்பியின் சட்டகமான லாராவெல் படிப்பதா, ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழிக்கு மாறுவதா? பிஎச்பி செத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கே ரியூட்டரி ஒன்றில் சான்றிதழ் வகுப்பும் நடக்கிறது. சேரலாமா?

ஒரு வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட மொழி அது. இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது. ஆகவே செத்தவீட்டுக்குப் பந்தல் போடும் வேலையை உமது நண்பர்களிடமே விட்டுவிடும். சான்றிதழ் வகுப்புக்குக் காசு கட்டுமுன், தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்கியூஎல்_கியூரி போன்ற பழைய ஃபங்ஷன்களை இன்னும் படிப்பிக்கிறார்களா என்று விசாரியும். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. ஓம் என்று பதில் வந்தால் போன வழியே திரும்பிவிடும்.

படிவம் தெரியும் என்கிறீர். எந்த மொழியில் நிரப்பப்படும் படிவம்? நீர் பார்த்த காணொளிகளில் பெயர் ஜான் என்றும் ஊர் லண்டன் என்றும் ஆங்கில எழுத்தில்தான் இருந்திருக்கும். சில காலமாகவே என் மனதில் கிடந்து உறுத்தும் விடயம் இது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஒரு மாணவி நூல் இரவல் பதிவேடு ஒன்றைச் செய்து தந்தாள். கெட்டிக்காரி, வடிவாகச் செய்திருந்தாள். பொறுப்பாளர் ஊர் என்ற பெட்டியில் யாழ்ப்பாணம் என்று தட்டினார். 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணினி மறுத்துவிட்டது. அவர் விரல்விட்டு எண்ணி, ஆறு எழுத்துத்தானே பிள்ளை என்றார்.

அவர் எண்ணியது சரி. அவள் எழுத்துகளை எண்ண ஸ்டிரலென் என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தாள். அது எண்ணுவதோ பைட்டுகளை, அதாவது கணினி தரவைச் சேமிக்கும் சின்ன அலகுகளை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் துணைக்காலும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக நிற்பதோடு, ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. யாழ்ப்பாணம் என்பதில் 11 குறிகள் உள்ளதால் 33 என்ற விடை வந்தது. எம்பி_ஸ்டிரலென் போட்டிருந்தால் 11 என்றிருக்கும். கிராஃபீம்_ஸ்டிரலென் என்பதே பொறுப்பாளரின் விரல்களைப் போல ஆறு என்று சொல்லும், அதுவும் இன்டில் என்ற நீட்சி சர்வரில் இருந்தால் மட்டும். பெயரைச் சுருக்கிக் காட்டப் போனால் சங்கடம் இன்னும் கூடும். எம்பி_சப்ஸ்டர் கொண்டு முதல் மூன்று குறிகளை வெட்டி எடுத்தால் ழகரத்தின் புள்ளி பறிபோய் 'யாழ' என்று நிற்கும். பைட்டுகளை எண்ணும் வெறும் சப்ஸ்டரால் 20ஆவது பைட்டில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவே கத்தி இறங்கி, கடைசியில் குப்பைக் குறிதான் மிஞ்சும்.

லாராவெல் நல்லதுதான், ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒருநாள் வேண்டும். ஆனால் உமது ஊர் வாசிகசாலையில் யார் எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனார் என்று தமிழில் பதியும் சின்னப் பதிவேடு ஒன்றைத் தனியாளாகச் செய்து முடிக்கும்வரை அவற்றின் பக்கம் போகவேண்டாம். காணொளியைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வதைப் படிப்பென்று எண்ணிக்கொண்டிருக்கிறீரே, அந்தச் சோம்பலுக்கு இதைவிட மருந்தில்லை. தரவுத்தளத்தின் எழுத்து முறையை யூடிஎஃப்8எம்பி4 என்று அமையும். பயனர் தட்டியதை, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் வரியோடு பிஎச்பியின் புள்ளிக் குறியால் ஒட்டினால், ஓர் ஒற்றை மேற்கோள் குறியே அந்தக் கட்டளையை உடைத்துவிடும்; ஆகவே கட்டளையையும் தரவையும் பிரித்து அனுப்பும் பிடிஓவின் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் வழியாகவே அனுப்பும். பிழைச்செய்தி வந்தால் அதைக் கூகிளில் ஒட்டுவதற்கு முன் ஒருதரமாவது முழுதாக வாசியும், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பதிவேடு ஓடத் தொடங்கியதும் எனக்கு இணைப்பை அனுப்பும். பெயர்ப் பெட்டியில் நான் முதலில் தட்டப்போவது ஓர் ஒற்றை மேற்கோள் குறி.