90 பிட், 2 பிழை: அந்தக் குறியீட்டைத் தேட வேண்டாம்

வேளச்சேரியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி கேட்டிருக்கிறார்: மழைநீர்க் கால்வாயில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் அனுப்பும் 78 பிட் தகவலோடு 12 பிட் சேர்த்து 90 ஆக்கினால் 2 பிழை வரை திருத்தலாம் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் அதற்கான மேட்ரிக்ஸ் (சேர்க்கும் பிட்களை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் அட்டவணை) எங்கும் கிடைக்கவில்லை, எங்கே தேடுவது?

தேடாதீர்கள், அப்படி ஒரு குறியீடு இல்லவே இல்லை. உங்கள் கணக்கில் தப்பும் இல்லை. பிழையே இல்லாமல் வர 1 வழி, ஒரு பிழைக்கு 90, இரண்டு பிழைக்கு 4005, கூட்டினால் 4096, அதாவது மிகச்சரியாக 2-இன் 12ஆம் அடுக்கு, சேர்த்த 12 பிட்டால் பிரித்துக் காட்டக்கூடிய நிலைகள் அத்தனையும். ரேஷன் கடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 90 பிட் வரிசை ஒவ்வொன்றும் ஒரு வீடு, அனுப்பத் தகுந்த சரியான வரிசை (குறிச்சொல்) ஒவ்வொன்றும் ஒரு கடை, அதிலிருந்து 2 பிழைக்குள் இருக்கும் வீடுகள் அந்தக் கடையைச் சேர்ந்தவை: ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு கடையில் பதிவாகியிருக்க வேண்டும், எந்த வீடும் விடுபடக் கூடாது. அதுதான் பெர்ஃபெக்ட் குறியீடு. வீடுகளின் எண்ணிக்கை சரியாக வகுபடுகிறது என்பதற்காக ஏரியாவை அப்படிப் பிரித்துவிட முடியும் என்றில்லையே!

காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லாம் 0 ஆன வரிசை குறியீட்டில் இருப்பதாகக் கொள்வோம். 2 பிழை திருத்த எந்த இரண்டு குறிச்சொற்களும் குறைந்தது 5 இடங்களில் வேறுபட வேண்டும், அதனால் மற்ற எல்லாக் குறிச்சொற்களிலும் குறைந்தது ஐந்து 1 இருக்கும். முதல் இரண்டு இடங்களிலும் 1, மிச்சம் 88 இடங்களில் எங்காவது இன்னொரு 1 என்று 88 வரிசைகள் எழுதலாம், இவை ஒவ்வொன்றும் ஐந்து 1 உள்ள ஏதோ ஒரே ஒரு குறிச்சொல்லின் கீழ்தான் வர வேண்டும், அப்படிப்பட்ட ஒவ்வொரு குறிச்சொல்லும் (முதல் இரண்டு போக அதில் மிச்சம் மூன்று 1 இருப்பதால்) சரியாக 3 வரிசைகளை எடுத்துக்கொள்ளும். 88 மூன்றால் வகுபடாது. அவ்வளவுதான்.

எந்த அளவுகளில் பெர்ஃபெக்ட் குறியீடு இருக்க முடியும் என்ற கேள்வியைக் கணித அறிஞர்கள் டியெட்டவைனென், வான் லிண்ட் ஆகியோரின் ஆய்வுகள் 1973 வாக்கில் பெருமளவு முடித்துவைத்தன. பைனரியில் ஒரு பிழை திருத்தும் ஹாமிங் வகை, 3 பிழை திருத்தும் 23 பிட் கோலே, ஒரே பிட்டை ஒற்றைப்படை முறை திரும்பத் திரும்ப அனுப்புவது, இவற்றைத் தவிர உருப்படியாக வேறு அளவுகள் கிடையாது.

சரி, உங்கள் சென்சாருக்கு என்ன செய்வது? 2 பிழை திருத்தும் 127 பிட் பிசிஹெச் (BCH) என்ற குறியீட்டில் சில தகவல் பிட்களை விட்டுவிட்டு, அதைச் சுருக்கி 92 ஆக்குங்கள். 78 தகவல், 14 காப்பு பிட். கூடுதலாகப் போவது 2 பிட்தான், உண்மையில் அது லாபம். பெர்ஃபெக்ட் குறியீட்டில் 3 பிழை வந்தால் கட்டாயம் வேறொரு கடையின் வீடாகத்தான் போய் விழும், தப்பான நீர்மட்டத்தைச் சரியானது என்று சொல்லிவிடும். சுருக்கிய பிசிஹெச்சில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு வரிசைகள் எந்தக் கடையிலும் சேராதவை, அவற்றில் ஒன்று வந்தால் “மறுபடி அனுப்பு” என்று கேட்டுவிடலாம்.