மச்சில் கிடந்த பழைய கிடார் ஆம்ப்பின் வால்வுகளை அப்படியே ஓட்டலாமா?

திருச்செந்தூரில் மாமா வீட்டு மச்சில் இருபது வருடமாகக் கிடந்த ஆம்ப் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதில் இரண்டு ஈஎல்84, மூன்று ஈசிசி83 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) இருக்கின்றன, ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் சுவிட்சைப் போடாதீர்கள்.

என் அப்பா களக்காடு, நாங்குநேரி பக்கம் கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் கட்டியவர். அவருடைய தகரப் பெட்டியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள் நிறைய இருந்தன. கல்லூரியில் படிக்கும்போது அதிலிருந்து இரண்டு ஈஎல்84-ஐ எடுத்து, பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழு வைத்திருந்த பழைய ஆம்ப்பில் போட்டேன். இருபது நிமிடத்தில் ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக் கங்கு மாதிரி சிவந்தது. என்னவென்று புரிவதற்குள் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. பழைய வால்வு, அதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். பல மாதம் கழித்து அதே வால்வை வேறொரு ஆம்ப்பில் போட்டால் நன்றாகப் பாடுகிறது. தப்பு செய்தது, வால்வின் கிரிட்டுக்கு (ஒலி சிக்னல் நுழையும் கம்பி வலை) முன்னால் இருந்த கப்ளிங் கண்டன்சர். ஒலி சிக்னலை மட்டும் விட்டு, டிசி மின்சாரத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. அதில் கசிந்த டிசி, கிரிட்டில் ஏறி வால்வை எரித்திருக்கிறது. அதனால்தான் வால்வை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

முதலில் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி முலாம் பூசியது போல ஒரு திட்டு இருக்கும். அது பளபளப்பாகவோ கொஞ்சம் கருத்தோ இருந்தால் பரவாயில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு ஆகாது. அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து 4, 5 பின்களைத் தொடுங்கள். இரண்டு வகைக்குமே ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) அங்கேதான், சில ஓம் காட்ட வேண்டும். மற்ற பின்களில் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் (சூடானதும் எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி) நடுவே எதுவும் காட்டக் கூடாது. உங்கள் ஊர் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

பழைய வால்வு ரேடியோவிலிருந்து மாற்று எடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். யூ என்றால் வரிசையாகக் கோத்து 100 மில்லி ஆம்பியரில் ஓடும் ஹீட்டர். பெயர் ஒன்று போலத் தெரிந்தாலும் யூஎல்84, ஈஎல்84-க்கு மாற்று ஆகாது.

இனி ஆம்ப். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கண்டன்சர்) 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், ஆளைக் கொல்லப் போதும். 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டருக்கு நன்றாக இன்சுலேஷன் செய்து, அதன் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வையுங்கள். மூன்று பின் எர்த் ஒயர் இல்லையென்றால் போட்டே ஆக வேண்டும். கிடார் கம்பி சேசிஸோடு (ஆம்ப்பின் உலோகக் கூடு) சேர்ந்திருக்கிறது, அந்தக் கம்பியில்தான் உங்கள் விரல் இருக்கும்.

அடுத்தது சீரிஸ் போர்டு, அதாவது ஆம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக விட்டு மட்டுப்படுத்தும் பலகை. எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி யாரிடமாவது இருக்கும். அதில் 100 வாட் குண்டு பல்பைப் போடுங்கள், எல்இடி உதவாது. வால்வு ஒன்றுகூட இல்லாமல் முதலில் ஆன் செய்தால் பல்பு லேசாக மினுங்கினால் போதும். பளிச்சென்று எரிந்தால் டிரான்ஸ்பார்மர் பக்கம் ஷார்ட். பிறகு வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கரை இணைத்து (ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது) மறுபடி ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசமாகி மங்கினால் நல்லது.

இனி நான் அன்று செய்யாமல் விட்ட வேலை. ஈஎல்84 இரண்டையும் கழற்றிவிட்டு, ஆனில் வைத்து, சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் டிசி வோல்ட் பாருங்கள். ஒரு கையால் மட்டும், கூட ஒருவரை வைத்துக்கொண்டு. கேத்தோடு பயாஸ் ஆம்ப் (கேத்தோடில் ரெசிஸ்டர் வைத்து வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது) என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். பாசிட்டிவ் வோல்ட் வந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, மாற்றுங்கள். வால்வு இல்லாதபோது பூஜ்யம், போட்டுச் சூடானதும் மெல்ல ஏறுகிறது என்றால் வால்வில் வாயு இருக்கிறது. அந்த வால்வை ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டினாற்போல் தெரியும் நீல ஒளிக்குப் பயப்பட வேண்டாம், தகடுகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாகப் புகை போலத் தெரிந்தால் உடனே அணையுங்கள்.

கடைசியாக சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு கேத்தோடு ரெசிஸ்டரில் அளவெடுங்கள். இரண்டு வால்வுக்கும் பொதுவாக 130 ஓம் இருந்து, 10 வோல்ட் காட்டினால், மொத்தம் 77 மில்லி ஆம்பியர், ஒரு வால்வுக்கு 38 சொச்சம். தகட்டில் 290 வோல்ட் என்றால் 11 வாட் வருகிறது. ஈஎல்84-இன் எல்லை 12 வாட், அதற்குள் இருந்தால் சரி.

சேசிஸின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்தக் கப்ளிங் கண்டன்சர் எது என்று காட்டுகிறேன்.