காட்டு மரமும் ஏறிவரும் வெயிலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் நம் நடைக்குழு கோலாலம்பூர் பக்கத்துக் கெப்போங் காட்டுக்குப் போய்வந்ததிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. காட்டு மர நாற்றங்காலில் இருபத்தெட்டு வருடம் மண்ணளைந்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (செந்தூல் தம்பி): அண்ணே, கெப்போங்கில் அண்ணாந்து பார்த்தால் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் வாய்க்கால் ஓடுவதுபோல வானம் தெரிந்ததே. வெயில் கூடியதாலா அப்படி?

பதில்: வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை தம்பி. நீங்கள் பார்த்தது காப்பூர் மரங்கள். ஒரு மரத்தின் கொழுந்து பக்கத்து மரத்தின் நிழலை நெருங்கியதும் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது என்று 1977-இல் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் சொன்னார். காற்றில் உரசி முனை ஒடிகிறது என்பவர்களும் உண்டு. ஆனால் காப்பூரில் உரசிய காயம் எதையும் அவர் காணவில்லை.

ஒரு சங்கதி. பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸ் பக்கத்தில் நம் வணிகர்கள் 1088-இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அடுத்த முறை ஒரு காப்பூர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், பெருமாள் கோயில் தீர்த்தம் ஞாபகம் வரும்.

கெப்போங் பழங்காடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களின் கடைசியிலிருந்து நட்டு வளர்த்த காடு. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் அக்கா): கரியமில வாயு மரத்துக்குச் சாப்பாடுதானே? அது கூடினால் காடு இன்னும் செழிக்க வேண்டியதுதானே?

பதில்: பாதி சரி அக்கா. 1958-இல் காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இலைக்கு அது வசதிதான். ஆனால் சோறு மட்டும் கூடி, குழம்பு கூடாவிட்டால்? நம் காட்டு மண்ணில் பாஸ்பரஸ் சத்து குறைவு. அங்கேயே வளர்ச்சி முட்டிக்கொள்ளும்.

இரவுச் சூடு இன்னொரு தொல்லை. மரமும் மூச்சுவிடுகிறது. பகலில் சம்பாதித்த சர்க்கரையில் ஒரு பங்கை இரவில் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும், வரவு அதேதான்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் உயர மஞ்சள் மெரந்தி மரம் ஒன்றை 2019-இல் ஏறி அளந்தார்கள். அந்த உச்சிக்குத் தண்ணீர் ஏற்ற பம்பு கிடையாது. இலை ஆவியாக விடுவதால் மேலே இழுபடும் நீர்க்கம்பி ஒன்றுதான். காற்று சூடாகிக் காய்ந்தால் இழுப்பு கூடுகிறது. ஒரு கட்டத்தில் கம்பி அறுந்து மரத்தின் நீர்க்குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதைத் தவிர்க்க மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் சாப்பாடு நின்றுபோகும். நீண்ட வறட்சியில் பெரிய மரங்கள் முதலில் சாய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி (கெப்போங்கில் என்னுடன் நடந்தவர்): வெட்டிய மரத்தில் வளையம் எண்ணி வயது சொல்ல முடியவில்லையே, ஏன்?

பதில்: குளிர்காலமே இல்லாத ஊரில் வளையம் எங்கிருந்து தெளிவாக விழும்? இங்கே நாடாவைச் சுற்றி அளப்பதுதான் வழி. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 50 ஹெக்டேரில், ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள குச்சி முதல் எல்லா மரத்துக்கும் எண் போட்டு 1980களிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் மரங்கள். பொறுமைசாலிகள்!

கேள்வி (பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர்): மழை தப்பினால் எங்கள் டுரியான் பூ கொட்டிவிடுகிறது. காட்டு மரங்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டா?

பதில்: உண்டு ஐயா, உங்களைவிட அதிகம். உங்கள் மரத்துக்குச் சில வாரம் மழையில்லாத வறட்சி கிடைத்தால் மொட்டு வரும். அப்புறம் இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். வருடத்துக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. மெரந்தி, காப்பூர் குடும்பம் அப்படி இல்லை. இரண்டு வருடமோ பத்து வருடமோ சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு வறட்சியும் வழக்கத்தைவிடக் குளிர்ந்த சில இரவுகளும் வந்ததும் காடே சேர்ந்து பூக்கும். பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் மழை குறையும் எல் நினோ காலங்களில் இது அடிக்கடி நடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்தால் பன்றியும் அணிலும் வண்டும் தின்றுதீர்க்க முடியாமல் கொஞ்சம் மிஞ்சும். கல்யாணப் பந்தி மாதிரிதான்.

அந்த விதையை நெல் மாதிரிப் பானையில் போட்டு வைக்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மெரந்தி விதைச் சாக்கைக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து தூக்கினால் வரவில்லை. சாக்கின் இழைகளுக்குள் வெள்ளை வேர்கள் நூறு நுழைந்து பின்னிக் கிடந்தன. பிய்த்து எடுத்ததில் பாதி வேர் முறிந்தது. வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, பூக்கச் சொல்லும் அந்த இரவுக் குளிர் ஒரு சேதி மாதிரி. இரவுகள் வருடா வருடம் சூடாகிக்கொண்டே போனால் அது மரத்துக்குப் போய்ச் சேருமா? எனக்கு இருக்கிற பெரிய கவலை இதுதான். பெரிய மரம் பச்சையாக நிற்பதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அடியில் கன்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் தங்கச்சி): கீழே சூடானால் மரங்கள் நம் பினாங்குக் கொடிமலை மேலே ஏறிவிடாதா அண்ணே?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்மா. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். ஊர் ஒரு டிகிரி சூடானால் பழைய குளிருக்கு மரம் 170 மீட்டர் மேலே போயாக வேண்டும். மெரந்தி விதைக்கு இறக்கை இருந்தாலும் பம்பரமாகச் சுழன்று, பெரும்பாலும் தாயிடமிருந்து சில பத்து மீட்டருக்குள்தான் விழும். அது வளர்ந்து பூக்கப் பல பத்தாண்டுகள். கொடிமலையின் உயரமோ 833 மீட்டர்தான், அதற்கு மேல் வானம்.

ஆனால் எல்லாக் கன்றும் ஒன்றில்லை. ஒரே தட்டில் இருக்கும் நாற்றுகளுக்கு ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். சில மூன்றாம் நாளே தலை தொங்கும். சில இலையை லேசாகச் சுருட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. ஒரே தாய்மரத்தடியில் விதை பொறுக்காதே, பல மரத்தடியில் பொறுக்கு என்று பையன்களிடம் கத்திக்கொண்டே இருப்பேன்.

கேள்வி (ஜிஞ்சாங் அண்ணன்): எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் மெரந்தி ஒன்று நடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. அது நாற்பது, ஐம்பது மீட்டர் வளரும் சாதி, உங்கள் வாசலோ ஒரு கார் நிற்கிற இடம். முருங்கை நடுங்கள். சாம்பாருக்காவது ஆகும்.